நாலு அலையில் ஒரு கடல்

கடலில், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு தேங்காய் மட்டை மிதந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை வருகிறது. மட்டையைத் தாண்டிக்கொண்டு போயே விடுகிறது. மட்டையோ அங்கேயேதான் இருக்கிறது. மேலே ஏறி, கொஞ்சம் முன்னால் போய், இறங்கி, பின்னால் வந்து, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒரு வட்டம். அவ்வளவுதான். நடுக்கடலில் பயணம் செய்வது தண்ணீர் இல்லை, அசைவு.

இந்த வட்டத்தை முதன்முதலில் கணக்காக எழுதி வைத்தவர் பிரான்ஸ் யோசெஃப் கெர்ஸ்ட்னர். வருஷம் 1802. ஊர் பிராக். மேப்பை எடுத்துப் பாருங்கள், போஹேமியாவுக்குக் கடற்கரையே கிடையாது! மனிதர் வானியல் படித்தவர், பொறியியல் கற்பித்தவர். அலையடித்தால் தாங்குகிற கரைகளை எந்த வடிவத்தில் கட்டுவது என்பது அவருக்கு வந்த கவலை. அதற்காகப் போட்டதுதான் அலைக்கணக்கு.

மேலே உள்ள தண்ணீர்த் துளி பெரிய வட்டம் அடிக்கும். ஆழம் போகப்போக வட்டம் சுருங்கும் என்றார் கெர்ஸ்ட்னர். இதை வரைந்து பார்த்தால் அலையின் உச்சி கூராகவும் பள்ளம் அகலமாகவும் வரும். நிஜக்கடல் அப்படித்தானே இருக்கிறது?

ஆனாலும் உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1863இல் கிளாஸ்கோவின் ராங்கின், இதே விடையைத் தானாகவே மறுபடி கண்டுபிடித்தார். போதாக்குறைக்கு, 1847இலேயே ஸ்டோக்ஸ் ஒரு குறையைக் காட்டிவிட்டிருந்தார். துளி சரியாகப் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு முன்னால் நகர்கிறது. அந்த ‘கிட்டத்தட்ட’ கெர்ஸ்ட்னரின் கணக்கில் இல்லை. இயற்பியல்காரர்கள் அவரை மரியாதையாக ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் படம் போடுகிறவர்கள். 1986இல் அலென் ஃபூர்னியேயும் பிக்ஸாரின் பில் ரீவ்ஸும் கெர்ஸ்ட்னரின் வட்டங்களை வைத்துக் கம்ப்யூட்டரில் கடலை வரைந்தார்கள். சினிமாவுக்கு வசதி உண்டு. ஒரு ஃபிரேமுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் தயாரிப்பாளர் திட்டுவார், படம் வந்துவிடும். அந்த வசதியில் ஜெர்ரி டெஸன்டார்ஃப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கான அலைகளை ஒன்றாகக் கலக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். ‘வாட்டர்வேர்ல்ட்’, ‘டைட்டானிக்’ படங்களின் கடல் அந்த வழியில் வந்தது.

வீடியோ கேம்காரருக்கு அந்த யோகம் இல்லை. நொடிக்கு 30 படம் காட்டியாக வேண்டும். அதாவது, ஒரு கடலுக்கு 33 மில்லிசெகண்ட்.

2001இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 3 கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. திரையில் வரும் வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நகர்த்த நாமே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரு புள்ளிக்கு மொத்தம் 128 கட்டளைகள்தான். அதற்குள்தான் அலை, வெளிச்சம் எல்லாம். இதைவிடக் கொடுமை, அந்தக் கட்டளைப் பட்டியலில் ‘சைன்’ இல்லை! நான் பி.காம். படித்தவன், சைன் இல்லாத உலகத்தை வரவேற்கக்கூடியவன். ஆனால் சைன் இல்லாமல் அலை ஏது? 100க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு வலையைக் கடல் என்று விரித்தால் 10,000 புள்ளிகள். நாலு அலை, நொடிக்கு 30 படம். நொடிக்கு 12 லட்சம் சைன் வேண்டும்.

பெருக்கலும் கூட்டலும் மட்டும் தெரிந்தவனிடம் சைன் வாங்குவது எப்படி? அதற்கு ஒரு பழைய வழி இருந்தது. கோணத்திலிருந்து அதன் மூன்றாம் படியை 6ஆல் வகுத்துக் கழி, ஐந்தாம் படியை 120ஆல் வகுத்துக் கூட்டு, ஏழாம் படியை 5,040ஆல் வகுத்துக் கழி... இப்படியே போகும். புத்தகங்களில் இதற்கு டெய்லர் தொடர் என்று பெயர். டெய்லர் எழுதியது 1715இல். கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராம மாதவன் சைனுக்கு இதைக் கண்டுவிட்டார் என்கின்றன, அவர் வழிவந்தவர்களின் நூல்கள்.

2002இல் ஏடிஐ நிறுவனத்துப் பொறியாளர்கள் இதைத்தான் செய்தார்கள். அந்தக் கார்டுகள் ஒரே கட்டளையில் நாலு எண்களைப் பெருக்கும். எனவே நாலு அலை. ஒரு அலைக்கு ஆகும் செலவில் நாலும் முடிந்துவிடும்.

ஒரு பொறி உண்டு. இந்தத் தொடர் சின்னக் கோணங்களுக்குத்தான் நல்ல பிள்ளை. நேரம் ஓட ஓடக் கோணம் ஏறும். 10 ரேடியனைக் கொடுத்து நாலு உறுப்போடு நிறுத்தினால் விடை மைனஸ் 1,307 என்று வரும். சரியான விடை மைனஸ் 0.54. கடல் பாதாளத்துக்குப் போய்விடும்! அதனால் முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டு, மிச்சக் கோணத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாலே அலை என்றால் அலுத்துவிடாதா? கண் திருடன், ஒரே மாதிரி திரும்பி வந்தால் கண்டுபிடித்துவிடும். ‘யூரு’ என்ற கேமுக்கு (2003) கடல் செய்த மார்க் ஃபின்ச், தன் தந்திரங்களை 2004இல் ‘ஜிபியு ஜெம்ஸ்’ புத்தகத்தின் முதல் அத்தியாயமாகவே எழுதினார். ஒரு நடுத்தர நீளத்தை வைத்துக்கொண்டு, அதன் பாதியிலிருந்து இரட்டிப்பு வரைக்குள் அலைகளைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார். திசை, காற்றுப் போகும் பக்கத்தை ஒட்டி. அவ்வப்போது ஓர் அலையை மெதுவாக மங்கவைத்து, நீளத்தையும் திசையையும் மாற்றி, மறுபடி எழுப்புகிறார். யாருக்கும் தெரியாது. சின்னச் சின்ன நெளிவுகளுக்குப் புள்ளிகளைத் தொடுவதே இல்லை. தனியாக ஒரு படத்தில் தயாரித்து, மேலே போர்த்திவிடுகிறார்.

பெரிய அலைகளுக்கு அவர் பிடித்தது யாரை? கெர்ஸ்ட்னரை! ஸ்டோக்ஸ் காட்டிய குறை இங்கே வரமாகிவிட்டது. புள்ளி முன்னால் நகர்ந்துகொண்டே போனால் வலை நாளடைவில் கிழிந்து தொங்கும். கெர்ஸ்ட்னரின் புள்ளியோ சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

கூர்மையை மட்டும் ரொம்பத் திருகக் கூடாது. ஆசைப்பட்டு எல்லை தாண்டினால் அலையின் உச்சி தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு ஜிலேபி மாதிரி சுருண்டு நிற்கும்.

பிற்பாடு வந்த கார்டுகளில் சைனும் உண்டு, டெஸன்டார்ஃபின் ஆயிரம் அலைகளும் உடனுக்குடன் ஓடும். ஆனாலும் பேட்டரியை மிச்சம் பிடிக்கிற செல்போன் கேம்களில், படகுக்கு அடியில் எழும்பி இறங்குவது பல சமயம் அந்தப் பிராக் பேராசிரியரின் வட்டம்தான்.