மெலிந்த கறவைப் பசுவும் இளங்கன்றும்: பராமரிப்பு

வீட்டுத் தேவைக்காக ஒன்றிரண்டாக வளர்க்கப்படும் பசு போதிய சதைப்பற்று இல்லாமல் கன்று ஈனும்போது, தாய்க்கும் கன்றுக்கும் தர வேண்டிய தனிக் கவனிப்பைப் பற்றியது இக்கட்டுரை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வைக்கோலை மட்டும் நம்பிக் கோடையைக் கடந்த மாடுகளிடம் இந்நிலை மிகுதியாகக் காணப்படும். ஈன்ற பசுவின் பால் 6 முதல் 8 வாரங்களில் உச்சத்தை எட்டும். அது தின்னும் தீவனம் உச்சத்தை எட்ட 10 முதல் 12 வாரங்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் பசு தன் உடம்பைக் கரைத்தே பாலாக்குகிறது. மெலிந்த பசுவிடம் கரைப்பதற்கு மிச்சம் இல்லாததால், இக்காலத்தில் பாலின் அளவைவிடப் பசுவின் உடம்பையே முதலில் கவனிக்க வேண்டும்.

மெலிவை அறிதல்

பசுவின் உடல்நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடுவது வழக்கம். ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது. காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டு மாடுகளில் நலமாக இருக்கும்போதும் ஓரிரு விலா எலும்புகள் தெரியலாம். எனவே விலாவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வாலடியின் இருபுறமும் ஆழமான குழி, துருத்திய இடுப்பெலும்பு, கையால் தனித்தனியாக எண்ணக்கூடிய இடுப்புப் பக்க எலும்பு நுனிகள் ஆகியவையே உண்மையான மெலிவைக் காட்டும்.

எடை மேடை இல்லாத வீட்டில் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் எடுத்த நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் குறித்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி 660ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து எழுதி வைத்தால், உடம்பு தேறுகிறதா என்பது தெரியும்.

காரணங்கள்

தீவனக் குறைவே பெரும்பாலும் காரணம். நன்றாகத் தின்றும் தேறாத மாட்டுக்குக் குடற்புழு, தேய்ந்த பல், உண்ணியால் பரவும் இரத்த ஒட்டுண்ணி நோய்கள், விழுங்கிய கம்பி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நத்தைகள் மிகுந்த வயல்வெளிகளில் மேயும் மாடுகளுக்குக் கல்லீரல் தட்டைப்புழு வரும். தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்குவது அதன் அறிகுறிகளுள் ஒன்று. சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிப் புழுவின் வகையை அறிந்து மருந்து கொடுப்பதே முறை.

ஈன்ற முதல் நாள்

ஈன்ற பசுவுக்கு வெல்லம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் நல்ல பசும்புல்லும் தர வேண்டும். நஞ்சுக்கொடி பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்துக்குள் விழும். விழாவிட்டால் கையால் இழுப்பதோ அதில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதோ கருப்பையைப் புண்ணாக்கும். மருத்துவரை அழைப்பதே பாதுகாப்பு.

கன்றின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை நீக்கி, வைக்கோலால் உடலைத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். மெலிந்த தாயின் கன்று சிறுத்துப் பிறந்தால் எளிதில் குளிர்ந்துவிடும். காற்று வீசாத இடத்தில் காய்ந்த வைக்கோலும் சாக்கும் விரித்துக் கிடத்துவது நல்லது. தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் நனைக்க வேண்டும்.

சீம்பால்

தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் கன்றுக்குச் செல்வதில்லை. அவை சீம்பாலில்தான் உள்ளன. அவற்றை அப்படியே ஏற்கும் திறன் கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அற்றுப்போகும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டும் என்று பல ஊர்களில் நம்புவதால், கன்றுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு வீணாகிறது. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் கருப்பையைச் சுருக்கி, நஞ்சுக்கொடி விழவும் உதவுகிறது.

25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் 12 மணி நேரத்தில் ஏறத்தாழ 2.5 லிட்டர் சீம்பால் சேர வேண்டும். அதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தருவது நன்று. தாயிடம் போதாவிட்டால், அப்போது ஈன்ற வேறொரு நலமான பசுவின் சீம்பாலைக் கேட்டு வாங்கி ஊட்டலாம். அக்கம்பக்கத்தாருக்குச் சீம்பால் கொடுக்கும் அழகான வழக்கத்தைக் கன்றின் வயிறு நிறைந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தாய்க்குத் தீவனம்

உடலைக் காக்க 1.5 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது அடர்தீவனக் கணக்கு. 5 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 3.5 கிலோ ஆகிறது. மெலிந்த பசுவுக்கு இதற்கு மேல் அரை முதல் ஒரு கிலோ தரலாம். மக்காச்சோளம் அல்லது கம்பு 40 பங்கு, புண்ணாக்கு 30 பங்கு, தவிடும் பருப்புப் பொட்டும் 27 பங்கு, தாது உப்பு 2 பங்கு, சாதா உப்பு 1 பங்கு என்று வீட்டிலேயே கலக்கலாம். கம்பு நேப்பியர் புல்லுடன் வேலிமசால், அகத்தி போன்றவற்றைச் சேர்த்தால் புரதம் கூடும். தண்ணீர் நாள் முழுதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தீவனத்தைச் சில நாளுக்கொருமுறை கால் கிலோவாகவே கூட்ட வேண்டும். இளைத்த மாட்டின் மீதுள்ள பரிவால் சோறு, கஞ்சி, பொங்கல் என அள்ளி வைப்பது பெரும் ஆபத்து. மாவுச்சத்து திடீரென மிகுந்தால் அசையூண் வயிற்றில் அமிலம் பெருகி மாடு இறக்கவும் நேரும். மாட்டுப் பொங்கலன்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதையே.

பால் பங்கீடு

முதல் மாதத்தில் கன்றுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தேவை. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். வீட்டுக்குக் கறப்பது மிஞ்சியதிலிருந்துதான். பசு மிகவும் நலிந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுக் கறவையை ஒரு வேளையாகக் குறைக்கலாம். அப்போது மடியில் வீக்கமோ கட்டியோ சூடோ உள்ளதா என நாள்தோறும் பார்க்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுக்குச் சிறிது கன்றுத் தீவனமும் இளம்புல்லும் பழக்கலாம்.

அவசர அறிகுறிகள்

ஈன்ற மூன்று நாட்களுக்குள் காதும் உடலும் குளிர்ந்து, தலையை விலாப்பக்கம் மடித்துப் பசு படுத்துவிட்டால் அது பால் சுரம். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிவதால் வருகிறது. மருத்துவர் நரம்பில் ஏற்றும் கால்சிய மருந்து விரைவில் பலன் தரும். அடர்தீவனத்தை ஒதுக்கி வேகமாக இளைத்து, மூச்சில் இனிப்பு வாடை வந்தால் கீட்டோசிஸ் என்ற நோய் எனலாம். கன்றுக்கு நீராகக் கழிந்து கண் குழிவிழுந்தால், பாலை நிறுத்தாமல் இடைவேளைகளில் உப்புச் சர்க்கரைக் கரைசல் தந்தபடி மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

மீட்சி

தேறுவதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். முதலில் முடி மினுமினுக்கும். பின்னர் வாலடிக் குழி ஆழம் குறையும். அதன் பிறகே பருவம் ஒழுங்காக வரும். உடம்பு தேறாத பசுவுக்குச் சினை ஊசி போட அவசரப்படக் கூடாது. அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தி, அந்நாட்களிலும் அடர்தீவனம் தருவதே இதே மெலிவு மீண்டும் வராமல் தடுக்கும் வழி. பால் இல்லாத மாதங்களில் தீவனத்தை நிறுத்திய வீட்டில்தான் பசு எலும்பும் தோலுமாக இருந்து கன்று ஈனுகிறது.