யாண்டு முப்பத்து நான்கு

ஓசூர்ச் சந்தையில் ஒரு கிழவரிடம் வயது கேட்டால், அவர் தமிழராயின் வருஷத்தில் விடை சொல்லுவார். கன்னடத்தாராயினும் அந்தச் சொல்லே வரும். தெலுங்கர் மட்டும் ‘ஏடு’ என்னும் தம் பழஞ்சொல்லை இன்றும் நாவிலே வைத்துப் போற்றி வருகிறார். வடமொழியில் மழையைக் குறித்து, பின் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறிக்கலாயிற்று வருஷம் என்னும் சொல். தெலுங்கு ஏட்டுக்கு உடன்பிறப்பான நம் ‘ஆண்டு’ பேச்சிலே அருகி, ஏட்டிலும் மேடையிலுமே பெரும்பாலும் வாழ்கிறது.

அரசன் ஆண்ட காலமே ஆண்டு என்று பொருள் கூறுவாருண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கந்தான்; ஆயினும் சொல்லின் பழைய உருவம் அதற்கு இடந்தரவில்லை. பழைய வடிவம் ‘யாண்டு’. யகர மெய் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலில் வரும் என்பது தொல்காப்பியர் விதி. அவ்வாறு வந்த யாறு, யானை, யாமை முதலியவை பிற்காலத்தில் யகரம் கழன்று ஆறு, ஆனை, ஆமை என்றாயின. தமிழில் ‘யா’ நின்ற இடத்தில் தெலுங்கில் ‘ஏ’ நிற்பதையும் காண்கிறோம்: யாறு அங்கே ஏரு, யானை ஏனுகு, யாண்டு ஏடு. ஆளுதல் என்னும் வினையின் முதலிலோ பழந்தமிழ் நூல்களிலும் யகரம் காணப்படவில்லை. ஆகவே இரண்டும் வேறு வேறு குடியில் பிறந்து, ஒலித் தேய்வினால் ஒரே முகம் பெற்ற சொற்கள் என்பதே என் துணிபு. சங்க நூல்களில் யாண்டு என்பது ‘எங்கே’ என்ற வினாவாகவும் வரும். காலக் கணக்காகவும் வரும். வயது முதிர்ந்தும் தமக்கு நரை தோன்றாத காரணத்தைப் பிசிராந்தையார் கூறும் புறநானூற்றுப் பாட்டு, இச்சொல்லைக் காலப் பொருளில் வைத்தே தொடங்குகிறது.

இனி, சொல்லை விட்டு, அது குறித்த காலத்தைக் கல்லில் எண்ணிப் பொறித்த முறைக்கு வருவோம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி, தென்பெண்ணை பாயும் திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிச் சாசனத்தில் கொடுத்தவன் பெயரும் கொடையும் உண்டு, ஆண்டு இல்லை. சிவகங்கைப் பகுதிப் பூலாங்குறிச்சிச் சாசனத்தில் 192 என்று ஓர் ஆண்டெண் வருகிறது. எதிலிருந்து எண்ணிய 192 என்பது அதில் சொல்லப்படவில்லை. பல்லவர் காலத்தில்தான், இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு என்னும் முறை நம் பக்கத்துக் கற்களில் வேரூன்றியது. சில நடுகற்களில் ‘யாண்டு’ என்ற சொல்லும் இன்றி, எண்ணும் ‘ஆவது’ என்பதும் மட்டுமே நிற்கும். எண்ணப்படுவது எது என்பதை எல்லாரும் அறிந்திருந்தமையால் சொல்லவும் வேண்டியதில்லை போலும்.

அதே காலத்தில் வடக்கே சளுக்கியர், அரசர் மாறினாலும் எண் மாறாத சகாப்தத்தைக் கையாண்டனர். பாதாமிக் குன்றில் முதலாம் புலிகேசி பொறித்தது சகம் 465, அதாவது கி.பி. 543, ஐஹொளெயில் இரண்டாம் புலிகேசியின் புகழ் பாடும் சாசனம் சகம் 556 என்கிறது. இவ்விரு கணக்கு முறைகளும் சந்தித்த எல்லைப் பிரதேசமே நம் கிருஷ்ணகிரி வட்டாரம். அரசன் மாறியவுடன் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் யாண்டுக் கணக்கில், சரித்திரம் எழுதுவோன் படும் இடர் கொஞ்சமன்று.

அந்த இடருக்கு ஒரு பெரும் பரிகாரம் எருமை மேய்க்கும் காட்டிலிருந்து வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் நோக்கிப் போனால், அந்த வட்டாரத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள நடுகல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனுக்கு முப்பத்து நான்காவது ஆண்டில் நட்டது. தன் எருமைகளின் பொருட்டுக் கருந்தேவக்கத்தி என்பவன் உயிர் துறந்ததை வட்டெழுத்திலே கூறி, அதனோடு அமையாமல், கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் கூறுகிறது அக்கல். வீரன் உருவத்தோடு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கன்னோசியில் ஹர்ஷனும் பாதாமியில் இரண்டாம் புலிகேசியும் கோலோச்சிய காலத்தில், அந்த ஆண்டின் நிகழ்ச்சி என்று அவ்வூரார் கல்லில் பொறிக்கத் தக்கதாகக் கொண்டது இந்த மரணத்தையும் இந்த நாயின் விசுவாசத்தையுந்தான். ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிப் புகழ் சேர்த்த அம்மக்களை நினைக்கையில் என் நெஞ்சு நெகிழ்கிறது.

பாடநூல்கள் பலவற்றில் மகேந்திரவர்மன் ஆட்சி 600 முதல் 630 வரை என்று காணலாம். முப்பது ஆண்டுக்குள் முப்பத்து நான்கு எவ்வாறு அடங்கும்? ஆகவே அவன் முடிசூட்டை 600-க்கும் முன்னே கொண்டு போக வேண்டியதாயிற்று. மாமன்னனின் ஆட்சிக் காலத்தை அளந்து சொன்ன பெருமை, அவனைக் கண்ணாலும் கண்டிராத ஓர் எருமைக்காரனின் கல்லுக்கு வாய்த்தது.

இத்தகைய கற்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்ற பெயரில் எண்ணெயும் மஞ்சளும் பெற்று நிற்கின்றன. கன்னடம் பேசும் ஊர்களில் அவை வீரகல்லு. பிசுக்கின் அடியில் விரலை ஓட்டினால் எழுத்தின் பள்ளம் தட்டுப்படும். சாலை அகலமாகிறது, மனைப்பிரிவு பெருகுகிறது, கருங்கல் குவாரி மலையைக் குடைகிறது. தொழில் வளர்வது நன்றே, அதனால் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரமாயிரம். ஆயினும் நிலத்தைச் சமன்செய்ய வண்டி வருமுன், அங்கே உருவம் பொறித்த கல் ஏதேனும் இருக்கிறதா என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். இருந்தால் அதற்கு வண்ணம் பூசாமலும் எழுத்தைச் சுரண்டாமலும் ஒரு படம் எடுத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.