குண்டு பெரிதா, குறி பெரிதா?

சில மாதங்களுக்கு முன் என் தொடர்கதை ஒன்றில், "கதாநாயகன் ரிவால்வரை எடுத்துச் சுட்டான், ஒரே குண்டில் எதிரி சுருண்டு விழுந்தான்" என்று எழுதியிருந்தேன். அடுத்த வாரமே ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. போலீஸ் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "அது என்ன காலிபர், ஐயா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கதாநாயகியின் புடவை நிறத்தைப் பற்றி யோசித்ததில் பத்தில் ஒரு பங்குகூட அந்தத் துப்பாக்கியைப் பற்றி நான் யோசித்ததில்லை. வெட்கத்தோடு புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டிய பிறகுதான் தெரிந்தது, இதே கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்கா நூறு வருஷங்களுக்கு மேல் திண்டாடியிருக்கிறது என்பது.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அங்குலத்தின் பின்னமாகச் சொல்வார்கள். ஐரோப்பியர் மில்லிமீட்டரில் சொல்வார்கள். .45 என்றால் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். .22 என்றால் ஐந்தரைக்குச் சற்று அதிகம். வேடிக்கை என்னவென்றால், .38 என்று பெயர் பெற்ற குண்டை அளந்து பார்த்தால் அது 9 மில்லிமீட்டர்தான்!

1892-ல் அமெரிக்கப் பட்டாளம் தன் பழைய .45 ரிவால்வரை விட்டு .38-க்கு மாறியது. சில வருஷங்களில் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பிடிக்கப் போனார்கள். தங்கள் மண்ணைக் காக்க வாளோடு பாய்ந்து வந்த தீவுவாசிகள், குண்டு பட்ட பிறகும் நிற்காமல் வந்தார்கள் என்று புகார்கள் கிளம்பின. 1905-ல் சமார் தீவில் தப்பியோட முயன்ற ஒரு கைதியை மிக அருகிலிருந்து நான்கு முறை சுட்டும் அவன் விழவில்லை. துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் அவனை வீழ்த்தினார்கள்.

இந்தப் புகார்களுக்கு விடை காண 1904-லேயே தாம்ஸன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகளை நியமித்திருந்தார்கள். முன்னவர் தளவாட நிபுணர். பின்னவர் பட்டாள வைத்தியர். அவர்கள் சிகாகோ நகரத்துக் கசாப்புத் தொழுவத்துக்குப் போய், உயிருள்ள மாடுகளையும் இரண்டு குதிரைகளையும் பல அளவுக் குண்டுகளால் சுட்டுப் பார்த்தார்கள். சுட்டும் சாகாத மாடுகளைச் சம்மட்டியால் அடித்துக் கொன்றார்கள். மனிதப் பிரேதங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு ஆடுகின்றன என்று கவனித்தார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அறிக்கையில் அவர்கள் இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். ஒன்று, பட்டாளக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக்கூடாது. இன்னொன்று, உடம்பின் பெரும் பகுதியில் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டாலும் ஆள் உடனே நின்றுவிட மாட்டான். ஆகவே குறி தவறாமல் சுடச் சிப்பாய்களை ஓயாமல் பழக்க வேண்டும். முதல் வாக்கியத்தை எல்லோரும் பிடித்துக் கொண்டார்கள். ஜான் பிரௌனிங் அமைத்த .45 பிஸ்டல் 1911-ல் பட்டாளத்துக்கு வந்து 1985 வரை கோலோச்சியது. இரண்டாவது வாக்கியம் அறிக்கையிலேயே தூங்கிவிட்டது.

அந்தப் பரிசோதனை நடந்தபோது ஜனாதிபதியாக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1912-ல் மில்வாக்கி நகரில் ஒருவன் அவர் மார்பிலேயே சுட்டான், அதுவும்.38 ரிவால்வரால்! சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பிரசங்கத்தையும் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் துளைத்துக்கொண்டு குண்டு உள்ளே போயிற்று. மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மேடை ஏறி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். நீளமாக எழுதுகிறேன் என்று என்னைக் குறை சொல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1986 ஏப்ரல் 11-ந் தேதி மயாமியில் அதே பழைய நாடகம் மறுபடி அரங்கேறியது. மத்தியத் துப்பறியும் இலாகாவினர் இரண்டு கொள்ளைக்காரர்களை மடக்கினார்கள். ஒருவன் மார்புக்குள் 9 மில்லிமீட்டர் குண்டு ஒன்று பாய்ந்தும், இருதயத்துக்கு ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது. அவன் கையில் நீண்ட துப்பாக்கி. அதற்குப் பிறகும் அவன் போராடினான். இலாகாவைச் சேர்ந்த இருவர் மாண்டார்கள், ஐவர் காயமடைந்தார்கள்.

பழி குண்டின் மேல் விழுந்தது. 10 மில்லிமீட்டருக்குத் தாவினார்கள். அதன் உதைப்பைப் பலருடைய கை தாங்கவில்லை. அதைச் சுருக்கி 1990-ல் .40 பிறந்தது. கடைசியில் 2014-ல் அந்த இலாகாவின் பயிற்சிப் பிரிவே மறுபடி 9 மில்லிமீட்டரைச் சிபாரிசு செய்தது. நவீனக் குண்டுகள் தேர்ந்துவிட்டன, உதைப்புக் குறைவு, தோட்டாக்கள் அதிகம் கொள்ளும், குறி வேகமாகவும் சரியாகவும் அமையும் என்பவை காரணங்கள். கூடவே ஒரு கணக்கும் சொன்னார்கள். நிஜமான மோதலில் போலீஸார் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை குறி தவறுகின்றன! சிகாகோவில் தூங்கிய வாக்கியம் நூற்றுப் பத்து வருஷங்கள் கழித்துக் கண் விழித்தது.

இந்த உண்மை குறி பார்த்துச் சுடும் பந்தயக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். அவர்கள் விரும்புவது 1887-ல் பிறந்த .22 குண்டு. எடை இரண்டரை கிராம் சொச்சம். உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். நமது பட்டாளத்தைச் சேர்ந்த விஜய் குமார் 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது இந்தச் சுண்டைக்காய் குண்டால்தான்.

காட்டு மிருகத்துக்கு முன் சுண்டைக்காய் செல்லாது என்பீர்கள். வாஸ்தவம். 1955-ல் .44 மேக்னம் என்ற ராட்சதத் தோட்டா உருவானது. பதினைந்து கிராமுக்கு மேற்பட்ட குண்டு; கரடி தேசங்களில் இடுப்புத் துணை. ஆனால் அலாஸ்காவில் கரடிகளிடம் சிக்கியவர்களின் அனுபவங்களைத் திரட்டி 2008-ல் வெளியான ஆராய்ச்சி வேறொன்று சொல்கிறது. மிளகாய்க் காரத்தை முகத்தில் பீச்சியடித்தபோது நூற்றுக்கு 92 தடவை பழுப்புக் கரடிகள் தங்கள் சேட்டையை நிறுத்தினவாம். காரணம் சுலபம். பாய்ந்து வரும் கரடிக்கு முன் நடுங்குகிற கை, குண்டைக் குறி தவற விடும். மேகம் போல் பரவும் காரத்துக்கு அவ்வளவு குறி வேண்டாம். நம் வீட்டு அம்மிக்கல்லுக்கு இத்தனை மகிமை!

தொடர்கதை புத்தகமானபோது அந்த வாக்கியத்தைத் திருத்தினேன். கதாநாயகன் கை நடுங்குகிறது, முதல் இரண்டு குண்டுகள் தவறுகின்றன, மூன்றாவதுதான் படுகிறது, அப்போதும் எதிரி உடனே விழவில்லை. பெருமையோடு அந்தப் பக்கத்தை ஓய்வு பெற்ற அந்தப் பெரியவருக்கு அனுப்பி வைத்தேன்.

பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. அதிலும் ஒரே வரிதான்: "தவறிய இரண்டும் யார் மேலும் படவில்லையே?"