முத்திரை விழுந்த அஞ்சல் தலைகள்

உலகில் மிக உயர்ந்த விலைக்கு விற்பனையான அஞ்சல் தலை எது என்று கேட்டால், பசையும் பளபளப்பும் குலையாத ஒரு புதுத் தலையையே பலரும் மனத்தில் எண்ணுவர். உண்மை அதுவன்று. அது நான்கு மூலைகளும் வெட்டுண்டு, மை படிந்து, நிறம் மங்கிய ஒரு சிறு தாள் துண்டு. 1856ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரிட்டிஷ் கயானாவில் ஒரு சென்ட் மதிப்புக்கு வெளியிடப்பட்ட தலை அது. இலண்டனிலிருந்து வரவேண்டிய தலைகள் வந்து சேரத் தாமதமானதால், ஜார்ஜ்டவுன் நகரத்துச் செய்தித்தாள் அச்சகம் ஒன்றில் அவசரமாக அச்சிட்டார்கள். மெஜந்தா நிறத் தாளின் நடுவே ஒரு பாய்மரக் கப்பல். அச்சு அத்துணை எளிமையாக அமைந்துவிட்டதால், கள்ளத் தலை புகுந்துவிடுமோ என்று அஞ்சி, அஞ்சல் எழுத்தர்கள் ஒவ்வொன்றிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பேனாவால் இட்ட பிறகே மக்களுக்குக் கொடுத்தார்கள்.

1873இல் வாகன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் வீட்டுப் பழங்கடிதங்களிடையே அதைக் கண்டெடுத்தான். அழகில்லாத தலை என்று எண்ணி, ஆறு ஷில்லிங்கிற்கு விற்றுவிட்டான். பின்னர் அது பலர் கைமாறியது. 1980இல் 9,35,000 டாலருக்கும், 2014இல் ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்கும், 2021இல் ஏறத்தாழ 83 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயிற்று. சிறுவனைக் குறை கூறுவதற்கில்லை. ஆறு ஷில்லிங் அன்று அவனுக்குப் பெரிய தொகை!

இதில் நாம் கருத வேண்டியது விலையை அன்று. அந்தத் தலை ஏன் எஞ்சியது என்பதையே கருத வேண்டும். அதனோடு அச்சான மற்றத் தலைகள் யாவும் மறைந்துபோயின. இது மட்டும் ஒரு கடிதத்தின் மீது ஒட்டப்பட்டது, முத்திரை வாங்கியது, அந்தக் கடிதம் யாரோ ஒருவருக்கு வேண்டியதாக இருந்ததால் பெட்டியில் பத்திரப்பட்டது. பயன்பட்டதனாலேயே அது பிழைத்தது.

பயன்பட்ட தலையைக் குறைவாக மதிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. முத்திரையைத் தலையின் மீது விழுந்த கறையாகக் கருதுகிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தலைகளைப் பொறுத்தவரை, அந்தக் கறைதான் சரித்திரம். அச்சிட்ட தாள் எத்தனை படிகள் வேண்டுமானாலும் இருக்கலாம். இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்குப் போனது என்று சொல்வது முத்திரை ஒன்றே.

அந்த முத்திரை தோன்றிய வரலாறும் சுவையானது. ரௌலண்டு ஹில்லின் திட்டப்படி, 1840 மே 6ஆம் நாள் முதல் இங்கிலாந்தில் செல்லுபடியான ‘பென்னி பிளாக்’ என்னும் கறுப்புத் தலையே உலகின் முதல் ஒட்டு அஞ்சல் தலை. அதற்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கூலி கொடுப்பார். தூரத்திற்குத் தக்கபடி கூலி கூடும். அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்துவது என்றானவுடன், ஒருமுறை ஒட்டிய தலையை மறுமுறை ஒட்டாமல் தடுக்க வேண்டியதாயிற்று. அதற்காக எழுந்ததே மால்ட்டாச் சிலுவை வடிவ முத்திரை. முதலில் சிவப்பு மையால் குத்தினார்கள். சிவப்பு மையைச் சிலர் கழுவி எடுத்துவிட்டார்கள். கறுப்பு மையோ கறுப்புத் தலையில் தெரியாது. எனவே 1841இல் தலையையே சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். ஓரணாவுக்கும் பெறாத ஏமாற்று வேலை ஓர் அரசின் அஞ்சல் தலையின் நிறத்தையே மாற்றிவிட்டது! பென்னி பிளாக் ஆறரைக் கோடிக்கும் மேலாக அச்சிடப்பட்டது. ஆகவே பழமை மிகுந்ததாயினும் அரிதன்று. பழமை வேறு, அருமை வேறு. புதிதாகத் தலை சேர்க்கத் தொடங்குவோர் இதில்தான் பெரிதும் தடுமாறுகிறார்கள்.

ஆசியாவின் முதல் அஞ்சல் தலை சிந்து மாகாணத்திற்கு உரியது. அங்கு ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரேர், 1852 ஜூலை முதல் நாள் அரையணாத் தலையை வெளியிட்டார். ‘சிந்து டாக்’ என வழங்கும் அது வட்ட வடிவமானது; கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் குறி அதில் புடைப்பாகப் பதிந்திருக்கும். சிவப்பு, வெள்ளை, நீலம் என மூவகை உண்டு. சிவப்பு வகை, உறையில் ஒட்டும் அரக்கு வில்லை போன்றது. மடித்தால் உடையும், தேய்த்தால் உதிரும். குதிரையிலும் ஒட்டகத்திலும் பயணம் செய்த அஞ்சல் பைக்குள் அது முழுமையாகப் பிழைத்திருப்பதே வியப்புத்தான். இன்று கிடைப்பவற்றில் பல, பேனாவால் குறுக்கே கோடிட்டு நீக்கப்பட்டவை. நாடு முழுமைக்கும் பொதுவான தலைகள் 1854 அக்டோபரில் வந்தபோது, சிந்துத் தலைகள் விலக்கிக் கொள்ளப்பட்டன.

அந்தப் பொதுத் தலைகளின் கதையில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கல்கத்தா நாணயச் சாலையில் கர்னல் ஃபோர்ப்ஸ் என்பவர் சிங்கமும் பனையும் அமைந்த ஓர் அழகிய மாதிரியை உருவாக்கினார். ஆனால் நாட்டுக்கு வேண்டிய அளவில் அதை அச்சிட்டுக் கொடுக்க அங்கு இயலவில்லை. பொறுப்பு, நில அளவைத் துறையைச் சேர்ந்த காப்டன் துய்லியர் என்பவரிடம் வந்தது. நிலப்படங்கள் அச்சிடும் கல்லச்சு அங்கே இருந்தது. அந்தக் கல்லச்சில்தான் விக்டோரியா அரசியின் தலை இந்தியாவில் முதன்முதலாக அச்சேறியது. அதற்கான செப்புத் தகட்டைச் செதுக்கியவர் முனீருத்தீன் என்னும் இந்தியர். ஆங்கில எழுத்துகளில் அவர் பெயரைச் சிதைத்துப் பலவாறு எழுதியிருக்கிறார்கள். அவரைப் பற்றிய செய்திகள் அரிதாகவே கிடைக்கின்றன. துய்லியருக்குப் பின்னாளில் ‘சர்’ பட்டமும் உயர் பதவியும் கிடைத்தன. செதுக்கிய கைக்கு உரியவர், தலை சேர்ப்போரின் நூல்களில் ஒரு வரியாக நிற்கிறார். ஆயினும் அந்த வரியாவது நின்றதே என்று கொள்ள வேண்டும்.

வேலை எளிதாக அமையவில்லை. செம்பில் செதுக்கிய உருவத்தை மாற்றுத்தாளில் படியெடுத்து, அதிலிருந்து கல்லில் ஒற்றியெடுக்க வேண்டும். ஒவ்வோர் ஒற்றிலும் ஏதேனும் ஒரு கோடு சிதையும். அரையணாத் தலையை முதலில் சிவப்பில்தான் தொடங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்தது. உள்நாட்டு மை கல்லைக் கெடுத்தது. ஆகவே அரையணா நீலமாயிற்று, ஓரணா சிவப்பாயிற்று. கால் தோலா எடைக்குள் அமைந்த கடிதம், இந்தியாவில் எந்தக் கோடியிலிருந்து எந்தக் கோடிக்கும் அரையணாவில் போகலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. அந்த நீலத் துண்டு ஏழைக்கும் எட்டியது.

நான்கணாத் தலை இருநிறம் கொண்டது: சிவப்புச் சட்டத்துக்குள் நீல நிறத்தில் அரசியின் தலை. இரு நிறத்திற்காக ஒரே தாள் இருமுறை அச்சில் போக வேண்டும். உலகின் முதற் பல்வண்ணத் தலைகளுள் அதுவும் ஒன்று. அவ்வாறு இருமுறை போகையில் சில தாள்கள் திரும்பிவிட்டன. சட்டம் நேராகவும் அரசி தலைகீழாகவும் அமைந்த தலைகள் அஞ்சலகங்களுக்குப் போய், விற்கப்பட்டு, ஒட்டப்பட்டு, முத்திரையும் பெற்றுவிட்டன. வாங்கியவர் கவனிக்கவில்லை, குத்தியவரும் கவனிக்கவில்லை. 1874இல்தான் இலண்டன் அஞ்சல் தலைச் சங்கத்தில் அதைப் பற்றிய பேச்சு எழுந்தது. இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ முப்பதுதான். அவையும் பயன்பட்டவையே. துளையிட்டுக் கிழிக்கும் வசதி அக்காலத் தலைகளில் இல்லாமையால், பலர் நான்கணாவை எண்கோணமாகக் கத்தரித்து ஒட்டினர். தலைகீழ்த் தலைகளில் சிலவும் அந்தக் கத்தரிக்குத் தப்பவில்லை.

ஆப்கானிஸ்தானத்து அமீர் ஷேர் அலி, ஹிஜ்ரி 1288இல், அதாவது 1871இல் வெளியிட்ட வட்டத் தலைகள் இதினும் வேடிக்கையானவை. அவர் பெயரிலுள்ள ‘ஷேர்’ என்பதற்கேற்ப நடுவில் ஒரு விலங்கின் முகம் இருக்கும். அங்கே முத்திரை குத்தவில்லை. ஒட்டிய தலையின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். கிழிந்திருந்தால் பயன்பட்டது என்று பொருள். ஓரம் கிழிந்த தலை பழுதானது என்று ஒதுக்குவோர், காபூல் தலையைக் கண்டால் தம் இலக்கணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பயன்பட்ட தலையின் மதிப்பை வணிக மோசடிக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். ஜெர்மனியின் பெர்கடார்ஃப், வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து ஆகிய சிற்றிடங்களின் தலைகள் பயன்படாத நிலையில் மலிவு. உண்மையான முத்திரையோடு கிடைத்தால் அரிது. ஆகவே மலிவுத் தலைகளின் மீது பொய் முத்திரை குத்தி விற்றார்கள். பிரான்சில் வாழ்ந்த ழான் டி ஸ்பெராட்டி இதில் பெருங்கைகாரர். குறைந்த விலைப் பழந்தலை ஒன்றை எடுத்து, அதன் முத்திரையை விட்டுவிட்டு, உருவத்தை மட்டும் இரசாயனத்தால் நீக்கி, அரிய தலையின் உருவத்தை அந்தத் தாளில் அச்சிடுவார். தாள் உண்மை, முத்திரை உண்மை, தலை மட்டும் பொய்! 1954இல் பிரிட்டிஷ் அஞ்சல் தலைச் சங்கத்தினர் அவரிடமிருந்த சரக்கையும் கருவிகளையும் விலை கொடுத்தே வாங்கி முடக்க வேண்டியதாயிற்று.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. எனவே 1854 முதல் அங்கு இந்தியத் தலைகளே வழங்கின. 1867 செப்டம்பரில்தான், இந்தியத் தலைகள் மீது கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சிட்டுத் தனித் தலை கண்டார்கள். அதற்கு முந்தைய தலையைத் தனியே பார்த்தால், அது கல்கத்தாவில் விற்றதா, சிங்கப்பூரில் விற்றதா என்று எவரும் சொல்ல முடியாது. முத்திரைதான் சொல்லும். எண்கோணக் கோடுகளின் நடுவே ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் 172 என்ற எண்ணும் இருந்தால் சிங்கப்பூர். 147 என்றால் பினாங்கு. அந்த எழுத்து வங்காள அஞ்சல் வட்டத்தைக் குறிப்பது. சாதாரண அரையணா, ஓரணாத் தலையே இந்த எண்ணால் பன்மடங்கு மதிப்புப் பெறுகிறது. மஸ்கத்து, பஸரா, பக்தாது, ஜான்ஸிபார் ஆகிய ஊர்களிலும் இந்திய அஞ்சலகங்கள் இயங்கின. ஏடனில் 1937 வரை இந்தியத் தலை வழங்கியது. இப்பெயர்களைப் படிக்கும்போது நம் வணிக முன்னோரின் வழித்தடம் நினைவுக்கு வராமற் போகாது.

சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் எழுந்தது 1826இல். நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளி அதினும் மூத்தது. அஞ்சல் தலை பிறப்பதற்கு முன்பே நம்மவர் அங்கே வேரூன்றிவிட்டனர். நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் குடும்பங்களுக்கு அங்கிருந்து கடிதம் வந்துகொண்டிருந்த காலம் அது. சரக்கு விலை, உண்டியல் தொகை, பிறப்பு, இறப்பு, மகளுக்கு வரன் பார்த்த செய்தி எல்லாம் அவற்றில்தான் வந்தன.

அக்காலத்தில் தனி உறை எல்லாரும் பயன்படுத்தவில்லை. எழுதிய தாளையே மடித்து, அரக்கிட்டு, வெளிப்புறத்தில் முகவரி எழுதித் தலை ஒட்டுவார்கள். ஆகவே தலையைக் கத்தரித்தால், அதன் பின்புறமிருந்த எழுத்தும் கூடவே போய்விடும். பழம்பெட்டிகளில் சதுரத் துளை விழுந்த கடிதங்கள் கிடைப்பது இதனாலேயே. தலையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பெயர்ப்பதும் அவ்வாறே தீங்கானது. முத்திரையின் பாதி தலையிலும், மறுபாதி தாளிலும் விழுந்திருக்கும். பெயர்த்தால் இரண்டும் ஊமையாகிவிடும். பம்பாயின் அஞ்சல் தலை வல்லுநர் ஜால் கூப்பர் முதலியோர் பழைய இந்திய முத்திரைகளை ஆராய முடிந்தது, யாரோ சிலர் கடிதங்களைச் சிதைக்காமல் விட்டதனால்தான்.

வீட்டில் பழங்கடிதக் கட்டு இருக்குமானால் செய்ய வேண்டியது அதிகமில்லை. தலையைத் தொடாமல், கடிதத்தை முழுமையாக விரித்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், அமிலமற்ற தாள்களுக்கிடையே வைத்தால் போதும். ஒட்டுநாடா கூடாது. விற்பதாயினும் முழுக் கடிதமாகவே விற்க வேண்டும். வாங்குபவர் தலையைத்தான் கேட்பார், முழுத் தாளையும் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு காரியம்: அந்தக் கடிதம் அரபுத் தமிழில் எழுதப்பட்டிருக்குமானால், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, முழுவதையும் ஒருமுறை படித்துத் தமிழெழுத்தில் பெயர்த்து வையுங்கள். வெளிப்புறத்து எண் 172 எந்த ஊரைக் குறிக்கும் என்பதை இலண்டன் வணிகர் கணத்தில் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பதை அவரால் படிக்க முடியாது.