குறிலும் பியானோவும்: புதுக்கவிதைக்கு இசை அமைத்தல் குறித்து

அரூர் வட்டத்துத் தீர்த்தமலை, அருணகிரிநாதர் பாடிய தலம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய திருப்புகழுக்கு மெட்டமைப்பவர் தாளத்தை வெளியே தேட வேண்டியதில்லை. ‘தத்த’ என்று வல்லொற்று அடைக்கும் இடமும் ‘தந்த’ என்று மெல்லொற்று இழையும் இடமும் சந்தக் குழிப்பிலேயே வகுக்கப்பட்டுள்ளன. மூல மெட்டுகள் நம் கைக்கு வந்து சேராதபோதும் அப்பாடல்கள் இசையோடு வாழ்வது இதனால்தான்.

புதுக்கவிதை இந்த வசதியைத் தெரிந்தே துறந்தது. 1934இல் ‘மணிக்கொடி’யில் ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ வந்தது, 1959இல் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் தொடங்கியது. இத்தகைய புதுக்கவிதையை ஆதி தாளத்தில் அடக்கி, ஒரு வரியைப் பல்லவியாக்கித் திரும்பத் திரும்பப் பாடினால் முதலில் சாவது வரி முறிவு. அடுத்து, குறில். தீர்த்தமலை என்ற பெயரையே பாடிப் பாருங்கள். ‘தீ’ நெடில், எவ்வளவு கார்வையும் தாங்கும். ‘ம’ ஒரு மாத்திரை. ஆவர்த்தனத்தை நிரப்ப அதை இழுத்தால் காதில் விழுவது மாலை, மலை போய்விடுகிறது. பாரதி தம் பாடல்கள் பலவற்றுக்கு இராகமும் தாளமும் குறித்தார். ‘காட்சி’ என்னும் வசன கவிதைக்கு அவை இல்லை. அதை ஒரு குறிப்பாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கேதான் பியானோ பொருந்துகிறது என்பது என் வாதம். கச்சேரியில் வயலின் குரலின் நிழலாகவே வருகிறது. பாட்டின் காலத்தைக் குரலே நிரப்பியாக வேண்டும், குறிலும் நீள்கிறது. பியானோவின் கட்டையை அழுத்தியதும் ஒலி எழுந்து தானாகத் தேயும். பெடலை மிதித்தால் கட்டையை விட்ட பின்னும் ஒலி தொடர்ந்து தேயும். குரல் குறிலைச் சொல்லிவிட்டு நிற்கலாம். மீதிக் காலத்தைப் பியானோ ஏந்திக்கொள்ளும். வரி முறியும் இடத்து மௌனத்துக்கும் ஓர் அளவு கிடைக்கும்.

ஜெர்மன் மரபு இதை நெடுங்காலமாக அறியும். 1814இல், 17 வயதில், கதேயின் வரிகளுக்கு ஷூபர்ட் அமைத்த ‘ராட்டையருகே கிரெட்சென்’ பாடலில் பியானோவின் வலக்கை ராட்டையாகச் சுழன்றுகொண்டே இருக்கும். காதலனின் முத்தம் நினைவுக்கு வந்ததும் ராட்டை நின்றுவிடும். பிறகு தட்டுத்தடுமாறித்தான் மறுபடி ஓடும். அவள் வாய்விட்டுச் சொல்லாததைக் கருவி சொல்கிறது. ஷோன்பெர்க் 1908–09இல் ஸ்டெஃபான் கேயார்கேயின் 15 கவிதைகளைக் குரலுக்கும் பியானோவுக்கும் அமைத்தபோது இன்னும் முன்னே போனார். குரல் பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரமாகப் பேச்சை ஒட்டி நடக்கிறது. கடைசிப் பாடலில் குரல் ஓய்ந்த பின்னும் பியானோ நெடுநேரம் தனியே தொடர்கிறது.

பியானோவில் கமகம் இல்லையே என்பார்கள். உண்மைதான், சுரங்களுக்கு இடையே அது வழுக்கிச் செல்லாது. ஆனால் குரலின் மெட்டையே பியானோவும் வாசிக்கும்போதுதான் அந்தக் குறை உறுத்தும். மெட்டைக் குரலிடமே விட்டு, கீழே அடுக்குச் சுரங்களை மட்டும் இடைவெளி விட்டு வைத்தால் குரல் விரும்பிய இடத்தில் அசையலாம். மேற்கத்திய ஒத்திசைவு தமிழ்ச் சொல்லைக் கெடுத்தே தீரும் என்ற அச்சத்துக்கு இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் முன்பே பதில் தந்திருக்கிறார்: அவருடைய மதராஸ் யூத் கொயர் பாரதியைப் பல குரல்களில் பாடியது, சொல் தெளிவாகவே கேட்டது. ஆனால் அவர் எடுத்தவற்றில் பெரும்பாலானவை சந்தம் உள்ள பாடல்கள். சந்தமில்லாத கவிதைக்கு ஒற்றைக் குரலும் ஒரு பியானோவும் போதும். ‘காட்சி’யில் தொடங்கலாம், மெட்டுப் போடுமுன் அதை உரக்கப் படித்து ஒவ்வொரு குறிலின் நேரத்தையும் குறித்துக்கொள்வதே முதல் வேலை.