வில் யார் கையில்?

போன வருஷம் கொலராடோவிலிருந்து என் சித்தி மகள் பேசினாள். “அக்கா, வில் பழகிக்கிட்டு இருக்கேன். செப்டம்பர்ல காட்டுக்குப் போறோம்” என்றாள். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும், மாநில அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கூடாரத்தை முதுகில் சுமந்து வண்டி போகாத தூரத்துக்கு நடந்து மானுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அடுக்கினாள். அந்தக் காடு தனியார் சொத்து இல்லையாம், எல்லோருக்கும் பொதுவாம். “நம்ம மலையில நீ இப்படி ராத்தங்கியிருக்கியா அக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மேற்கே பார்த்தாலும் மலை, கிழக்கே பார்த்தாலும் மலை. நான் ஏறியதெல்லாம் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, அதுவும் சித்ரா பௌர்ணமி அன்று. பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அவள் கேட்டது மட்டும் மனதில் தங்கிவிட்டது. நம் மலைப் பெண்களுக்கும் வில்லுக்கும் எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தை வைத்தது யார்?

குறிஞ்சித்திணை நடத்தும்போது வருஷந்தோறும் ஒரே காட்சியைத்தான் சொல்லிவருகிறேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனத்துப் பரணில் இருக்கிறார்கள். தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகள் அவர்கள் கையில். தலைவன் வில்லோடும் நாய்களோடும் வருகிறான், தன்னிடம் தப்பிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அவனுக்குக் காடு முழுவதும் திறந்து கிடக்கிறது. அவளுக்குப் பரணும் புனமும் அருவியும்தான். இதை இயற்கை வருணனை என்று நடத்திவிட்டுப் போவது சுலபம். ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், அவங்களும் விலங்கு, பறவையைத்தானே விரட்டுறாங்க? அதுக்கு ஏன் காவல்னு பேரு, இவனுக்கு மட்டும் வேட்டைன்னு பேரு?” அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

கல்லிலும் இதே கதைதான். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் இருக்கிறது புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழ்பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் இவை மிகப் பழையவை என்று ஆய்வாளர்கள் மதிக்கிறார்கள். ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்டவனைச் சொல்கிறது. ஆயுதம் ஏந்திச் செத்தவனுக்குக் கல்லும் பெயரும் கிடைத்தன. அதே ஆநிரையில் பால் கறந்தவளுக்குக் கல் நட யாருக்கும் தோன்றவில்லை.

பெண்ணின் கையில் வில்லைக் கொடுக்கும் காட்சி ஒன்று சிலப்பதிகாரத்தில் உண்டு. வேட்டுவ வரியில் எயினர் குடிக் குமரி ஒருத்தியை அலங்கரிக்கிறார்கள். பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல்லால் தாலி கட்டி, புலித்தோலை உடுத்தி, கையில் வில்லைக் கொடுத்து, கலைமான் மீது ஏற்றுகிறார்கள். அவள் இப்போது கொற்றவை. வேட்டையும் கொள்ளையும் வளம் தர வேண்டும் என்று அவளை வணங்குகிறார்கள். சடங்கு முடிந்ததும் அந்த வில் எங்கே போயிருக்கும்? தெய்வமாக நிற்கும் நேரத்துக்குப் பெண்ணிடம் ஆயுதம் இருக்கலாம், மனுஷியாக வீடு திரும்பும்போது கூடாது. இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானதுதான். நவராத்திரிக்கு ஆயுதம் ஏந்தியவளைக் கும்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்கிற குடும்பங்கள்தாமே நம்முடையவை.

ஆனாலும் எயினர் பெண்கள் மௌனமாக இருந்துவிடவில்லை. சங்கப் புலவர் பட்டியலில் குறமகள் இளவெயினி, குறமகள் குறியெயினி என்று பெயர்கள் இருக்கின்றன. எயினி என்றால் எயினர் குலப் பெண். இளவெயினி புறநானூற்றில் ஏறைக்கோன் என்னும் குறவர் தலைவனைப் பாடுகிறாள். பெரும்பாணாற்றுப்படை இன்னொரு காட்சி தருகிறது. எயிற்றியர் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை மண்ணைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். வேட்டுவக் குடியின் அடுப்பில் வெந்த சோறு அந்தக் கோலிலிருந்து வந்தது. வில்லைப் பாடிய அளவுக்கு அந்தக் கோலை நாம் பாடமாக்கவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் மலைகளில் வாழும் பளியர்களைப் பற்றி 1960களில் களஆய்வு செய்தவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். அவர் எழுத்தில் முன்னுக்கு நிற்பவை காட்டு வள்ளிக்கிழங்கும், ஆண் பெண் இருவருக்கும் இருக்கும் சமமதிப்பும். கிழங்கு தோண்ட இருவருமே போகிறார்கள். யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை.

வேட்டை என்றாலே ஆண் என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1966இல் சிகாகோவில் நடந்த புகழ்பெற்ற மானிடவியல் கருத்தரங்கின் தலைப்பே ‘வேட்டையாடும் ஆண்’. 1981இல் அதற்குப் பதிலாக வந்த நூல் ‘சேகரிக்கும் பெண்’. அந்த நூலுக்குள்ளேயே ஒரு கட்டுரை, பிலிப்பைன்ஸின் அக்தா பெண்கள் வில்லும் நாய்களுமாகப் பன்றியும் மானும் வேட்டையாடுவதை விவரித்தது. 2020இல் பெருவின் ஆண்டீஸ் மலையில் ஏறத்தாழ 9000 ஆண்டு பழைய புதைகுழி ஒன்றின் ஆய்வு வெளியானது. எலும்போடு வேட்டைக் கல்முனைகள் இருந்தன. பல் எனாமலைச் சோதித்தபோது, புதைக்கப்பட்டவள் இருபது வயதைத் தொடாத பெண் என்று தெரிந்தது.

அப்படியானால் நம் மலையில் கதவு எப்போது மூடியது? 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைகளைக் காப்புக்காடுகளாக்கியது. வேட்டையும் கண்ணி வைப்பதும் மட்டுமல்ல, மாடு மேய்ப்பதும் காட்டுப்பொருள் எடுப்பதும் அனுமதிக்குரியவை ஆயின. 1879இலேயே நீலகிரிக்கென்று தனி வேட்டைப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. உரிமம் வாங்கிய துரை துப்பாக்கியோடு போனால் அது விளையாட்டு. மலையாள் கண்ணி வைத்தால் குற்றம். விடுதலைக்குப் பின் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பதும், கண்ணியிடுவதும், பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். எனக்கு இது பெரிய வேடிக்கை. பெண்கள் காட்டில் செய்ததை இலக்கியம் வேட்டை என்று மதிக்கவே இல்லை. குற்றம் என்று எழுதும்போது மட்டும் அந்தச் சொல் இவ்வளவு அகன்றுவிட்டது.

விலங்குகள் அழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தவள்தான். வைகை பிறக்கும் வருசநாட்டு மலையில் காடு நிற்காவிட்டால் கீழே நமக்குத் தண்ணீர் ஏது? ஆனால் காப்பதன் கூலியை யார் கொடுத்தார்கள் என்பதும் வரலாறுதான்.

என் அம்மாச்சி கொடுத்தாள். மலையடிவாரச் சோளக்காட்டில் பரண் கட்டி, தகரடப்பா தட்டிக் குருவி விரட்டியவள் அவள். காவல் இல்லாத மாதங்களில் விறகுக்கு மலை ஏறுவாள். ஒருநாள் ஒரு வனக்காவலர் சுமையை இறக்கச் சொல்லி அருவாளைப் பிடுங்கிக்கொண்டார். கல்யாணத்தின்போது அவள் அப்பா கொல்லரிடம் அடித்துக் கொடுத்த அருவாள் அது. “வெறகு போனாப் போகுது, அருவாளக் குடுங்கய்யா” என்று கெஞ்சியிருக்கிறாள். கிடைக்கவில்லை. சாகிறவரை விறகைப் பற்றி அவள் பேசியதில்லை, அருவாளைப் பற்றித்தான் பேசினாள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்குக் காட்டுப்பொருள் சேகரிக்கும் உரிமையைத் திருப்பித் தந்தது. வேட்டையை மட்டும் தெளிவாக விலக்கியது. ஆனால் அதே சட்டம் நிலத்துக்கான உரிமைப் பத்திரத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியச் சொல்கிறது. பெண் தலைமை ஏற்ற குடும்பத்தில் அவள் பெயரிலேயே தரச் சொல்கிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது.

இதையெல்லாம் சித்தி மகளிடம் சொன்னேன். அவள் நடக்கப்போகும் அந்தப் பொதுக்காடும் யூட் பழங்குடியினரிடமிருந்து எடுத்த மண்தான் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அம்மாச்சிக்கு அருவாள் திரும்பக் கெடைச்சுதா அக்கா?” என்று கேட்டாள்.

இந்த வருஷம் குறிஞ்சிப்பாட்டை நடத்தும்போது அந்த மாணவியின் கேள்வியை நானே கரும்பலகையில் எழுதப்போகிறேன். பாடம் முடிந்ததும் இன்னொரு வேலையும் தருவேன். மலையடிவார ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள், தங்கள் ஊரில் வன உரிமைப் பத்திரம் இருந்தால், அதில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.