பூச்சி பிடிக்கும் கருவிக்கு ஒரு பேச்சுத் துணை

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணினி திடீரென்று மக்கர் செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது! அதை எடுத்து பதிவேட்டிலேயே டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கணினிப் பிழைக்கு 'பக்' (பூச்சி) என்று பெயர் வந்ததே இதனால்தான் என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. 1878-லேயே எடிசன் தன் கடிதம் ஒன்றில் இதே பொருளில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்று மட்டும் உண்மை. அன்றைக்கு பிழையைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பூச்சிகள் கண்ணுக்குத் தெரியாதவை.

மாடிப்படியில் வந்த ஞானம்

1949-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், கணிதச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க ஒரு நிரல் எழுதினார். மொத்தம் 126 வரிகள். அதில் சுமார் 20 பிழைகள்! கணினி அறைக்கும், நாடாவில் துளை போடும் இடத்துக்கும் படியேறி இறங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது: இனி வாழ்நாளில் பெரும்பகுதி தன் பிழைகளைத் தானே தேடுவதில்தான் போகப்போகிறது என்று. பல வருடம் கழித்து தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதினார்.

அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டான்லி கில் இதற்கு ஒரு வழி கண்டார். நிரலை ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, எந்தெந்தக் கட்டளை ஓடியது என்று அச்சடித்துக் காட்டும் இன்னொரு நிரல்! 1951-ல் இதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

அடுத்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. அங்கே டி.எக்ஸ்-0 கணினிக்கு எழுதிய கருவியின் பெயர் ஃப்ளிட். 1961-ல் பி.டி.பி-1 கணினிக்கு வந்ததன் பெயர் டி.டி.டி. இரண்டுமே பூச்சிமருந்துகளின் பெயர்கள்! இவற்றைக் கொண்டு, ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம்.

சரி, ஓடுகிற நிரலை எப்படி நிறுத்துவது? இன்றைய இன்டெல் வகைச் செயலிகளில் இது எளிய தந்திரம். நிறுத்தவேண்டிய இடத்திலுள்ள ஒரு பைட்டை எடுத்து பத்திரமாக வைத்துக்கொண்டு, அங்கே 'நில்' என்று பொருள்படும் ஒரு பைட் கட்டளையை டீபக்கர் எழுதிவிடும். செயலி அங்கே வந்ததும் நிற்கும். பார்க்கவேண்டியதைப் பார்த்தபின் பழைய பைட்டைத் திருப்பி வைத்துத் தொடரலாம். 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய க்னூ டீபக்கர் உட்பட பெரும்பாலான டீபக்கர்கள் செய்வது இதைத்தான்.

கேட்டால்தான் சொல்லும்

இத்தனை திறமை இருந்தும் டீபக்கருக்கு ஒரு குறை உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எங்கே நிறுத்துவது, எந்த மாறியைப் பார்ப்பது என்பதை மனிதர்தான் யோசிக்கவேண்டும். தேடல் வேலையையே இயந்திரத்திடம் விட முயன்றவர்களும் உண்டு. 1999-ல் ஆண்ட்ரியாஸ் ஜெல்லர், மாற்றப்பட்ட 1,78,000 வரிகளிலிருந்து கோளாறுக்குக் காரணமான ஒரே ஒரு மாற்றத்தைத் தானாகவே சில மணி நேரத்தில் கண்டுபிடித்துக் காட்டினார். சோதனைக்கு எடுத்த மென்பொருள் எது தெரியுமா? க்னூ டீபக்கரேதான்! ஆனால் அந்த முறைக்கு, முன்பு சரியாக ஓடிய ஒரு பதிப்பு கையில் இருக்கவேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிரலாளர்கள் பிழைச்செய்தியை அப்படியே அதனிடம் கொடுத்து வழி கேட்கத் தொடங்கினார்கள். இங்கே சிக்கல் தலைகீழ். டீபக்கர் பார்க்கும், யோசிக்காது. மொழி மாதிரி யோசிப்பது போல் பேசும், ஆனால் ஓடும் நிரலைப் பார்த்ததே இல்லை!

ஓர் உதாரணம். மாணவர்களின் சராசரி மதிப்பெண் கணக்கிடும் நிரல், பூஜ்யத்தால் வகுத்து நின்றுவிடுகிறது. நிரலை மட்டும் படித்தால், 'எண்ணிக்கை பூஜ்யமானால் சராசரியும் பூஜ்யம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லத் தோன்றும். நிரலும் நிற்காது. ஆனால் உண்மைக் கோளாறு, கோப்பைப் படிக்கும் பகுதி எல்லா வரிகளையும் தவறவிட்டது. அது தெரியாமல் திருத்தினால் வகுப்பு முழுவதற்கும் சராசரி பூஜ்யம் என்று சத்தமில்லாமல் அச்சாகும். நின்றுபோன நிரலைவிட இது ஆபத்து!

இரண்டும் சேர்ந்தபோது

2024-ல் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் எமரி பெர்கர் குழுவினர் சாட்-டிபிஜி என்ற கருவியை வெளியிட்டார்கள். நிரல் நின்றதும் 'ஏன்?' என்று கேட்டால் போதும். மொழி மாதிரியே டீபக்கருக்குக் கட்டளை கொடுக்கும், பதிலைப் படிக்கும், அடுத்த கட்டளையை முடிவு செய்யும். மேலே சொன்ன உதாரணத்தில், அழைத்த பகுதிக்கு ஏறிப்போய் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்துவிட முடியும். அவர்களுடைய பைத்தான் சோதனைகளில் ஒரே கேள்வியில் 67 சதவீதமும், கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் 85 சதவீதமும் பயனுள்ள திருத்தம் கிடைத்தது.

ஆனால் 2025-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் டீபக்-ஜிம் கதையின் மறுபக்கத்தைக் காட்டியது. உண்மையான மென்பொருள் திட்டங்களிலிருந்து எடுத்த 300 சிக்கல்கள். டீபக்கரும் கையில் கொடுத்தார்கள். சோதித்த மாதிரிகளில் சிறந்ததே 48.4 சதவீதம்தான் தீர்த்தது. ஆய்வாளர்கள் சொன்ன காரணம் யோசிக்கவைப்பது: பிழை தேடும் படிப்படியான முறை பயிற்சித் தரவில் மிகக் குறைவு. உண்மைதானே! திருத்திய நிரலை எல்லோரும் சேமிக்கிறார்கள். எங்கே நிறுத்தினோம், எதைச் சந்தேகித்தோம் என்பதை யார் எழுதிவைத்தார்கள்?

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. டீபக்கரால் நினைவகத்தைப் படிக்க மட்டுமல்ல, மாற்றவும் முடியும். அந்தச் சாவியை இயந்திரத்திடம் கொடுக்குமுன் எதுவரை அனுமதி என்று மனிதர்தான் வரையறுக்கவேண்டும்.

1947-ல் பூச்சியைப் பிடித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதிவைத்தார்கள். இயந்திரம் பிழையைக் கண்டுபிடித்துத் தந்தாலும், அது ஏன் வந்தது என்று புரிந்துகொள்ளாமல் 'சரி' என்று பொத்தானை அழுத்துபவர் பூச்சியைப் பிடிக்கவில்லை... இடம் மாற்றி மட்டும் விட்டிருக்கிறார்!